வளர்ப்பவரின் முற்றத்தில் ஓர் இளங்குதிரை: கொனமாரா மட்டக்குதிரையை வாங்கும் முறை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டம் அட்லாண்டிக் கடலைத் தொடும் இடத்தில், கருங்கல்லும் சதுப்பும் சிறு ஏரிகளும் கலந்து கிடக்கும் நிலப்பகுதிக்குக் கொனமாரா என்று பெயர். அங்கே பிறந்து அந்த ஊர்ப் பெயராலேயே உலகெங்கும் அறியப்படும் மட்டக்குதிரை, ஒரே குதிரை எல்லாச் சவாரிக்கும் உதவ வேண்டும் என்று நினைப்பவர்கள் நெடுங்காலமாகத் தேடிவரும் இனம். உயரம் 128 செ.மீ. முதல் 148 செ.மீ. வரை, தோளின் உச்சியில், பிடரிமயிர் முடியும் இடத்திலிருந்து தரைவரை அளக்கும் அளவு அது. பதின்வயதுப் பிள்ளையையும் சுமக்கும், நடுத்தர எடையுள்ள பெரியவரையும் சுமக்கும். காட்டுப்பாதை, தடை தாண்டுதல், களப் பயிற்சி, வண்டி இழுத்தல் என எதற்குப் பழக்கினாலும் ஓரளவுக்கு மேல் தேறிவரும். இந்த இனத்தின் இளங்குதிரை ஒன்றை, வியாபாரியிடமோ ஏலத்திலோ அல்லாமல், அதைப் பிறப்பித்து வளர்த்தவரிடமே நேரில் சென்று வாங்குவதுதான் இங்கே பேசப்படும் பொருள்.

இந்தக் குதிரையின் குணம் அந்த நிலத்தின் வறுமையில் உருவானது. சில ஏக்கர் கல்நிலம் வைத்திருந்த குடியானவர் வீட்டில் இரண்டு குதிரைக்குத் தீனி கிடையாது. ஒரே ஒரு பெட்டைதான். அதுவே ஏர் இழுத்தது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அடுப்பெரிக்கச் சுமந்து வந்தது. வயலுக்கு உரமாகக் கடற்பாசியைக் கரையிலிருந்து இருபுறக் கூடைகளில் ஏற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை வண்டியில் வைத்துத் தேவாலயத்துக்கு இழுத்தது. அது ஈன்ற குட்டியை இலையுதிர்காலச் சந்தையில் விற்ற பணம்தான் அந்த வீட்டுக்கு ஆண்டில் கையில் பார்க்கும் பெரிய ரொக்கம். பிள்ளைகளை உதைக்கிற, வேலைக்கு முரண்டு பிடிக்கிற, மெலிந்த புல்லில் உடல் தேறாத பெட்டையை அப்படிப்பட்ட வீட்டில் வைத்திருக்க முடியாது. அத்தகையவை தலைமுறை தலைமுறையாகக் கழிந்துபோயின. இன்று சவாரிக்காரர்கள் வியந்து பேசும் நிதானமும் உறுதியான காலும் குறைந்த தீனியில் நிற்கும் உடலும் அந்தக் கழிவின் மிச்சம்.

வெளியிலிருந்து இந்த இனத்தைத் ‘திருத்த’ முயன்றவர்களும் உண்டு. 1891-இல் அரசு அமைத்த வறிய மாவட்ட வாரியம் ஹாக்னி முதலிய வேற்றினப் பொலிகுதிரைகளை மேற்கு அயர்லாந்துக்குக் கொண்டுவந்தது. வண்டிக்கு அழகான அந்த ஹாக்னி ரத்தம் மலைச்சரிவுக்குப் பொருந்தவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் காஸர் யூவர்ட் கொனமாராக் குதிரைகளை நேரில் ஆராய்ந்து 1900-இல் வெளியிட்ட அறிக்கை, இவற்றின் உழைப்புத் திறனையும் தாங்கும் சக்தியையும் எடுத்துச் சொல்லி, இனம் அழியாமல் காக்க வேண்டும் என்று வாதாடியது. 1923-இல் கொனமாரா மட்டக்குதிரை வளர்ப்போர் சங்கம் தோன்றியது. 1926-இல் அதன் முதல் வம்சப் பதிவேடு அச்சானது. பதிவேட்டின் முதல் எண் 1904-இல் பிறந்த கேனன் பால் என்னும் பொலிகுதிரைக்கு உரியது. ஊக்டரார்டு ஊர்ப் பந்தயங்களில் அது பெற்ற வெற்றிகளைப் பற்றிய கதைகள் அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகின்றன. பின்னர் இரத்த நெருக்கம் குறையட்டும் என்று தோரோபிரெட், அரபு, அயர்லாந்து உழவுக்குதிரை ஆகியவற்றின் சில பொலிகுதிரைகளைச் சங்கமே அளவோடு அனுமதித்தது. 1964-இல் பதிவேடு மூடப்பட்டது. அதன்பின் பதிவான பெற்றோரின் குட்டிகள் மட்டுமே உள்ளே வரமுடியும்.

விளையாட்டுக் களத்தில் இந்த ரத்தம் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். டாமி வேட் ஏறிய டண்ட்ரம் 1963-இல் டப்ளினில் ஆகாகான் கோப்பையை வென்ற அயர்லாந்து அணியில் இருந்தது. மேரியன் கோக்ஸ் ஏறிய ஸ்ட்ரோலர், மட்டக்குதிரை அளவே உயரம் கொண்ட கலப்புக் குதிரை, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பெரிய குதிரைகளுக்கு நடுவே தடை தாண்டித் தனிநபர் வெள்ளிப்பதக்கம் பெற்றது. இரண்டும் கலப்பினம் என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பெயர்களைச் சொல்லித் தூய இனக் குட்டிக்கு விலை ஏற்றுபவரும் உண்டு. வாங்குபவருக்கு அவை இனத்தின் துள்ளலுக்குச் சான்று, கண்முன் நிற்கும் குட்டிக்கு உத்தரவாதம் ஆகா.

விற்பனைக்கு வழிகள் பல. ஆகஸ்டு மாதம் கிளிஃப்டன் ஊரில் நடக்கும் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்குத் தாயும் குட்டியுமாக நூற்றுக்கணக்கில் வருகின்றன. அக்டோபரில் பாலினஸ்லோ குதிரைச் சந்தை, மாம் கிராஸ் சந்தை. இவை தவிர ஏலங்கள். சந்தையில் டாங்லர் என்னும் தரகர் இருப்பார். வாங்குபவர், விற்பவர் இருவர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்த்து விலையை முடித்து வைப்பது அவர் வேலை. சந்தையில் பார்ப்பதற்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் இளங்குதிரையைப் பொறுத்தவரை சந்தை மிக மோசமான இடம். கூட்டத்தில் மிரண்டு நிற்பது இயல்பான பயமா, பிறவிக் குணமா என்று தெரியாது. தாய் எங்கே என்று தெரியாது. நேற்றுவரை எந்த மேய்ச்சலில் நின்றது, யார் கை பட்டது, எத்தனை நாளாகத் தீனி ஏற்றி உடல் பூசப்பட்டது என்று ஒன்றும் தெரியாது. நான்கு வயதுக் குதிரையில் பார்ப்பதற்குச் செய்திருக்கும் வேலையாவது இருக்கிறது. இரண்டு வயதுக் குட்டியில் பார்க்க இருப்பது வருங்காலம் மட்டுமே. அந்த வருங்காலத்தைத் தீர்மானிக்கும் தாயும் நிலமும் வளர்த்த ஆளும் ஒருங்கே கண்ணில் படுவது வளர்ப்பவரின் முற்றத்தில்தான்.

முதலில் தீர்க்க வேண்டியது வயது. பெட்டை பதினொரு மாதம் சுமந்து இளவேனிலில் ஈனுகிறது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் குட்டி பால் மறக்கும். அந்தப் பருவத்தில் விலை குறைவு. அதனாலேயே பலர் மயங்குகிறார்கள். பால் மறந்த குட்டியை வாங்குபவர் அடுத்த மூன்று ஆண்டுகள் சவாரியே இல்லாமல் தீனி, குளம்பு வெட்டுதல், குடற்புழு மருந்து, தடுப்பூசி, காயடிப்பு என்று செலவு செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய தேவை, அந்தக் குட்டிக்கு ஒத்த வயதுத் துணையும் ஓடி விளையாட விரிந்த நிலமும். குட்டிகள் ஒன்றையொன்று கடித்தும் துரத்தியும்தான் எல்லை கற்கின்றன. வீட்டுக் கொல்லையில் தனியாகச் செல்லம் கொடுத்து வளர்த்த குட்டி, மனிதனைத் தன் விளையாட்டுத் தோழனாக நினைத்து முன்னங்காலைத் தூக்கும் பழக்கத்துக்கு வந்துவிடும். அந்த வசதி இல்லாதவர் குட்டியை வாங்கிவிட்டு, வளரும்வரை வளர்ப்பவரின் மந்தையிலேயே மாதப் பணம் கட்டி விட்டுவைப்பது நல்ல ஏற்பாடு. கொனமாரா வளர்ப்பாளர்கள் சிலர் இதற்குச் சம்மதிப்பார்கள்.

ஒரு வயதுக் குட்டி பார்ப்பதற்கு அழகாக இராது. பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்து, கழுத்து மெலிந்து, கால்கள் மட்டும் நீண்டு நிற்கும். இந்த வயதில் உருவத்தைத் தீர்ப்பது அனுபவசாலிக்கும் கடினம். மூன்று வயது என்பது பெரும்பாலோருக்குச் சரியான நடுவழி: உயரம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும், நடை தெரியும், முதுகில் சேணம் இன்னும் ஏறியிருக்காது அல்லது சில வாரங்களே ஏறியிருக்கும். கெடுக்க இன்னும் யாருக்கும் காலம் கிடைத்திராது.

எலும்பின் கணக்கு சவாரிக்காரரின் அவசரத்துக்கு இணங்குவதில்லை. முன்னங்கால் முழங்காலுக்கு மேலுள்ள வளர்ச்சிப் பகுதி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில் மூடுகிறது. முதுகெலும்பின் வளர்ச்சிப் பகுதிகள் முழுதாக மூட ஐந்து வயதையும் தாண்டும். சேணம் உட்காரும் இடம் தாமதமாகத்தான் முதிர்கிறது. மூன்று வயதில் சில வாரம் இலேசான ஆளை ஏற்றிப் பழக்கி, குளிர்காலம் முழுக்க மேய்ச்சலில் விட்டு, நான்காம் வயதில் குறுஞ்சவாரி தொடங்கும் பழைய முறைக்குப் பின்னால் இந்த உடற்கூறு இருக்கிறது. இரண்டரை வயதிலேயே ‘எல்லாம் கற்றுவிட்டது’ என்று விற்கப்படும் குதிரையின் விலையில், வாங்குபவர் பின்னால் கால்நடை மருத்துவருக்குக் கொடுக்கப் போகும் பணமும் சேர்ந்திருக்கிறது.

வயதைக் காகிதத்தில் பார்த்துவிட்டுப் பல்லிலும் பார்க்க வேண்டும். முன்வரிசையின் நடு இரண்டு பால்பற்கள் இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்த இணை மூன்றரை வயதில். ஓரத்து இணை நாலரை வயதில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பல் முளைக்கும் மாதங்களில் ஈறு வலிக்கும். கடிவாளத்துக்குத் தலையை உதறும் மூன்றரை வயதுக் குதிரையை முரடு என்று ஒதுக்கும் முன் வாயைத் திறந்து பார்ப்பது நியாயம். மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைத் தாண்டிக் கிளிமூக்கு போல் நீண்டிருந்தால் அது பிறவிக் குறை. புல்லைச் சீராகக் கடிக்க முடியாமல் போகும்.

முற்றத்தில் நுழைந்ததும் குட்டியைக் கேட்பதற்கு முன் தாயைக் காட்டச் சொல்ல வேண்டும். குட்டி முதல் ஆறு மாதம் தாயின் நிழலில் நிற்கிறது. ஆள் வந்தால் தாய் காதை முன்னே நீட்டுகிறதா, பின்னே மடக்குகிறதா என்பதைப் பார்த்துப் பார்த்து அதுவும் அப்படியே கற்கிறது. ஆகவே குணத்தில் தாயின் பங்கு வெறும் ரத்தத்தோடு நிற்பதில்லை. தாய் எத்தனை வயதுவரை நொண்டாமல் நடந்தது, முன்பு சவாரிக்குப் போனதா, வேறு யார் ஏறினார்கள், எத்தனை குட்டி ஈன்றது, அந்த அண்ணன் அக்காக்கள் இப்போது எங்கே என்ன செய்கின்றன என்று கேட்க வேண்டும். மூத்த குட்டிகளை வாங்கியவர்களின் பெயரையும் தொடர்பையும் தயங்காமல் தருபவர் நல்ல வளர்ப்பாளர். அப்படி ஒருவரிடம் பேசும் அரைமணி நேரம், பொலிகுதிரை வாங்கிய பதக்கங்களின் பட்டியலைவிடப் பயன்தரும். தந்தைக்குதிரை பெரும்பாலும் வேறொருவருடையது. அதை நேரில் பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அதன் மற்றக் குட்டிகளைப் பார்த்தாலும் போதும்.

அடுத்து நிலம். மலைச்சரிவிலும் கல்லிலும் மழைச்சேற்றிலும் மந்தையோடு வளர்ந்த குட்டிக்குக் கால் எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் பின்னால் சொல்லித்தரத் தேவையில்லை. சமதளப் புல்வெளியில் மூட்டைத் தீனி கொடுத்து வளர்த்த குட்டி கண்ணுக்குப் பளபளப்பாக இருக்கும். ஆனால் அளவுக்கு மீறிய தீனி வேக வளர்ச்சியைத் தூண்டி மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கக்கூடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும் கையால் தடவினால் தட்டுப்படும் அளவிலும் இருப்பதே வளரும் குட்டியின் சரியான உடல்நிலை. ஈரநிலத்தில் ஆட்டோடு சேர்ந்து மேய்ந்த குதிரைக்குக் கல்லீரல் தட்டைப்புழு வரலாம் என்பதால், குடற்புழு மருந்து எப்போது எது கொடுக்கப்பட்டது என்ற குறிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி ஆவணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். 2009-க்குப் பின் பதிவாகும் குட்டிகளுக்குக் கழுத்தின் இடப்பக்கத்தில் மைக்ரோசிப் பொருத்தப்படுகிறது. கருவியை வைத்துச் சிப்பின் எண்ணைப் படித்து, பாஸ்போர்ட்டில் உள்ள 15 இலக்க எண்ணோடு ஒப்பிட வேண்டும். நெற்றிச்சுழியும் வெண்புள்ளிகளும் வரைபடத்தோடு பொருந்துகின்றனவா என்பதும் பார்க்கத்தக்கது. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கொனமாராவில் மிகுதியாகக் காணும் வெண்சாம்பல் குதிரைகள் கருப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து ஆண்டுதோறும் வெளுப்பவை. பாஸ்போர்ட்டில் கருமை என்றிருந்து எதிரே வெள்ளைக்குதிரை நின்றால் அதில் மோசடி எதுவும் இல்லை. அந்த வெண்சாம்பல் நிறத்தோடு ஒரு சுமையும் வருகிறது: முதுமையில் வால் அடியிலும் கண்ணோரத்திலும் கருநிறக் கட்டிகள் தோன்றும் வாய்ப்பு இவற்றுக்கு அதிகம்.

ஆவணங்களில் ஒன்றை, மரபணுச் சோதனை முடிவை மட்டும், எக்காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. கொனமாரா இனத்தில் குளம்புச்சுவர் பிரியும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. நோயுற்ற குட்டிக்குப் பிறந்த சில மாதங்களிலேயே குளம்பின் வெளிச்சுவர் அடுக்கடுக்காகப் பிளந்து உதிரத் தொடங்கும். எடையைச் சுமக்க வேண்டிய சுவர் இல்லாததால் உள்ளங்காலின் மேல் பாரம் விழும். வலி, நொண்டல், முடிவில் பல குதிரைகளைக் கருணையோடு உறங்கவைக்கும் நிலை. நெடுங்காலம் இதற்கு மோசமான லாடக்காரரின் மீதும் ஈரநிலத்தின் மீதும் தீனியின் மீதும் பழிபோட்டார்கள். வளர்ப்பவர்களில் சிலர் இனத்துக்குக் கெட்டபெயர் வருமென்று பேசவே தயங்கினார்கள். அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவை குதிரைகள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2015-இல் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை வெளியிட்டார்கள். இரண்டு பெற்றோரிடமிருந்தும் மாறிய மரபணுவின் பிரதி வந்தால் மட்டுமே நோய். ஒரே பிரதி உள்ள குதிரைக்கு நோய் வராது. ஆனால் அது நோயைக் கடத்தும். கடத்தும் இரண்டை இணைத்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் என்பது எதிர்பார்ப்பு.

இன்று சில மயிர்க்கால்களை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வந்துவிடும். சவாரிக்கு மட்டும் வாங்குபவர், ஒரு பிரதி உள்ள காயடித்த குதிரையை அச்சமின்றி வாங்கலாம். பெட்டையை வாங்கிப் பின்னாளில் குட்டி எடுக்க நினைப்பவர், இணைசேர்க்கும் பொலிகுதிரை இந்தப் பிரதி இல்லாததாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டால் போதும். கடத்தும் குதிரைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழித்தால் இனத்தின் ரத்தவளம் சுருங்கிவிடும். ஆகவே இரண்டு பிரதி சேராமல் இணைப்பதே அறிவார்ந்த வழி. சோதனை முடிவைக் காட்ட மறுப்பவரிடம், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

குட்டியை நிறுத்திப் பார்ப்பது எப்படி? சமமான கடினத் தரையில், நான்கு காலும் தெரியும்படி. முன்னிருந்து பார்க்கும்போது தோளிலிருந்து குளம்புவரை ஒரு நேர்க்கோடு ஓட வேண்டும். குளம்புகள் இணை இணையாக ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்று குறுகி நிமிர்ந்தும் மற்றது விரிந்து தாழ்ந்தும் இருந்தால், குறுகிய குளம்புள்ள காலில் பழைய வலியோ, ஒரே பக்கம் ஊன்றி மேயும் பழக்கமோ இருக்கக்கூடும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு குட்டையாகவும் தடித்தும் இருப்பது இந்த இனத்தின் சிறப்பு. அது மெலிந்து நீண்டிருந்தால் உயரத்துக்காக வேறு ரத்தத்தின் பக்கம் சாய்ந்த வழி என்று கொள்ளலாம். தோள் சாய்வாக இருந்தால் நடை நீளும், சேணமும் பின்னே நிற்கும். மட்டக்குதிரைகளில் பல முதுகு தட்டையாக, தோள்மேடு இல்லாமல் இருப்பதால் சேணம் கழுத்துப் பக்கம் நழுவும். வாங்கும்போது யாரும் கவனிக்காத, வாங்கியபின் நாள்தோறும் தொல்லை தரும் குறை இது.

பின்பு நடை. நடக்கவிட்டுப் பின்னிருந்து பார்க்க வேண்டும். பின்காலின் குளம்பு முன்காலின் தடத்தில் விழுகிறதா, தாண்டி விழுகிறதா என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். தாண்டி விழும் நடை நல்ல நடை. திறந்த வெளியில் மற்றக் குட்டிகளோடு ஓடவிட்டால் துள்ளோட்டத்தில் பின்கால் எவ்வளவு உள்ளே வருகிறது, திரும்பும்போது சமநிலை எப்படி, நிற்கும்போது இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறதா என்பதெல்லாம் தானே தெரியும். கண்கவர உயரக் காலைத் தூக்கி ஆடும் ஓட்டத்தில் மயங்குபவர்கள் அதிகம். எல்லாச் சவாரிக்கும் வேண்டிய குதிரைக்கு அதைவிட முக்கியம் நிதானமான நீண்ட நடை. வாழ்நாளில் பெரும்பகுதி அது நடக்கத்தான் போகிறது.

குணத்தைச் சோதிக்க ஒரே முறை வந்தால் போதாது. முதல்நாள் மந்தையிலிருந்து பிரித்துக் கயிற்றில் பிடித்துச் சற்றுத் தூரம் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும். துணையை விட்டுப் பிரியும்போது கனைப்பது இயல்பு, கனைத்துக்கொண்டே ஆளின் பேச்சைக் கேட்கிறதா என்பதே கேள்வி. நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். தரையில் ஒரு பழைய சாக்கை விரித்து அதன்மேல் நடக்கவிடலாம். மிரண்டு பின்வாங்கி, பின் மூக்கை நீட்டி முகர்ந்து, மெல்ல ஒரு கால் வைக்கும் குட்டிதான் எதிர்பார்க்கத்தக்கது. மிரளவே மிரளாத குட்டி சோம்பலோ நோயோ கொண்டதாக இருக்கக்கூடும். மிரண்டபின் திரும்பி வராத குட்டி புதிய சவாரிக்காரருக்கு ஆகாது. இரண்டாம் முறை சொல்லாமல் கொள்ளாமல் போகத் தேவையில்லை, அது மரியாதையும் இல்லை. ஆனால் குதிரையை மேய்ச்சலிலேயே விட்டுவைக்கும்படியும், பிடிப்பதை நேரில் பார்க்க விரும்புவதாகவும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிடிக்கவே ஒருமணி நேரம் ஆகும் குதிரையும், வேலியோரம் நின்றால் தானே நடந்துவரும் குதிரையும் ஒரே விலை பெறக் கூடாது.

சேணம் ஏறத் தொடங்கிவிட்ட குதிரையாக இருந்தால், முதலில் வளர்ப்பவரோ அவருடைய சவாரிக்காரரோ ஏறிக் காட்ட வேண்டும். அவர்கள் ஏற மறுக்கும் குதிரையில் வாங்குபவர் ஏறுவது மடமை. எத்தனை நாள், யார், எந்த முறையில் பழக்கினார்கள் என்று கேட்க வேண்டும். ‘எங்கள் பையன் பத்துநாள் ஏறினான், அவ்வளவுதான்’ என்று உள்ளதைச் சொல்லும் பதில் மதிக்கத்தக்கது.

இங்கேயே வாங்குபவரின் தகுதியும் எடைபோடப்படுகிறது. சவாரி கற்று ஓரிரண்டு ஆண்டே ஆன பிள்ளைக்கு மூன்று வயதுக் குதிரையை வாங்கி, ‘இரண்டும் சேர்ந்து கற்கட்டும்’ என்று நினைக்கும் பெற்றோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இருவரும் அறியாதவர்களாக இருந்தால் பயமே ஆசிரியராகிவிடும். பிள்ளை சவாரியைக் கைவிடும், குதிரை கைமாறிக் கைமாறிக் கெட்டுப்போகும். அந்த வீட்டுக்கு வேண்டியது பத்து, பன்னிரண்டு வயது முதிர்ந்த குதிரை. இதை முகத்துக்கு நேரே சொல்லி, கிடைக்கும் விற்பனையை விட்டுக்கொடுக்கும் வளர்ப்பாளர்கள் கொனமாராவில் இருக்கிறார்கள். வாங்குபவர் எங்கே வைத்திருப்பார், யார் பழக்குவார், வேறு குதிரை துணைக்கு உண்டா என்று எதிர்க்கேள்வி கேட்கும் விற்பனையாளரைக் கண்டு கோபப்படக் கூடாது. அந்தக் கேள்விகள் அவர் குட்டியின்மேல் வைத்த அக்கறையிலிருந்து வருகின்றன.

மனம் ஒப்பியபின் கால்நடை மருத்துவரின் சோதனை. விற்பவரின் வழக்கமான மருத்துவரை அமர்த்தாமல், வாங்குபவர் தம் செலவில் வேறொருவரை வரவழைக்க வேண்டும். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ஐந்து கட்டச் சோதனை வழக்கில் உள்ளது: நின்ற நிலையில் கண், இதயம், நுரையீரல், பல், தோல், கால் எல்லாம் பார்த்தல், கையில் பிடித்து நடத்தியும் ஓட்டியும் பார்த்தல், மூச்சு வாங்கும் அளவுக்கு வேலை கொடுத்தல், இளைப்பாறவிட்டுக் கவனித்தல், மீண்டும் ஓட்டிப் பார்த்தல். சேணம் ஏறாத குட்டிக்கு முதல் இரண்டு கட்டமே பெரும்பாலும் சாத்தியம். ஆண்குட்டியானால் இரண்டு விதையும் கீழிறங்கியுள்ளனவா என்று தொட்டுப் பார்ப்பார். ஒன்று வயிற்றுக்குள் நின்றுவிட்டால் காயடிப்பு பெரிய அறுவையாகிவிடும். மூட்டு எக்ஸ்ரே தேவையா என்பது விலையையும் நோக்கத்தையும் பொறுத்தது. வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் பின்னால் கண்டுபிடிக்க ரத்தம் எடுத்துச் சேமித்து வைப்பதும் வழக்கம். மருத்துவர் சொல்வது அன்றைய நிலையைப் பற்றிய கருத்து. வாங்கலாமா என்ற முடிவு வாங்குபவருடையது.

விலை பேசுவதில் அயர்லாந்துக்கு ஓர் அழகான வழக்கம் உண்டு. உள்ளங்கையில் துப்பிக் கைதட்டி விலை முடிந்ததும், விற்றவர் வாங்கிய பணத்திலிருந்து சிறுதொகையை எடுத்து வாங்கியவர் கையில் திருப்பிக் கொடுப்பார். அதிர்ஷ்டக் காசு என்பது அதன் பெயர். குதிரையோடு நல்லதும் போய்ச் சேரட்டும் என்ற வாழ்த்து அது. கைதட்டல் ஒருபுறம் இருக்கட்டும், எழுத்தும் வேண்டும். அச்சாரம் எவ்வளவு, மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால் அது திரும்புமா, எந்த நாளிலிருந்து யார் பொறுப்பு, விற்பவர் சொன்ன குணங்கள் எவை, தெரிந்த குறைகள் எவை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தொழிலாக விற்பவர்மீது நுகர்வோர் சட்டம் பாயும். வீட்டில் ஒரு பெட்டை வைத்து இரண்டாண்டுக்கு ஒருமுறை குட்டி விற்பவர் விஷயத்தில் வாங்குபவருக்கு அந்தக் காப்பு குறைவு. அங்கே அந்தத் தாளே துணை.

புதிய இடத்துக்கு வந்த குதிரையை முதல் இரண்டு மூன்று வாரம் மற்றக் குதிரைகளின் மூக்கு படாதவாறு தனியே, ஆனால் அவை கண்ணில் தெரியும்படி வைக்க வேண்டும். தொண்டைக் கட்டி நோய் போன்ற தொற்றுகள் அந்த இடைவெளியில் வெளிப்படும். அதன்பின் கொனமாராவுக்குப் பெரிய ஆபத்து ஒன்று வருகிறது, அது பசும்புல். கல்நிலத்தின் மெலிந்த புல்லில் தேற உருவான உடல், கொழுத்த பால்பண்ணை மேய்ச்சலில் வேகமாகக் கொழுப்பேறி, குளம்பின் உள்சதை அழலும் நோய்க்கு ஆளாகிறது. கழுத்தின் மேல்வரம்பு தடித்துக் கெட்டியாவது முதல் அறிகுறி. இளவேனிலில் மேய்ச்சல் நேரத்தைக் குறைப்பதும், பிரித்துவிட்ட சிறு பட்டியில் விடுவதும், தானியத் தீனியை அறவே நிறுத்துவதும் வேண்டும். அன்பு மிகுந்து வாளி வாளியாகத் தீனி வைத்து இளம் வயதிலேயே குதிரையை நொண்டியாக்கியவர்கள் ஏராளம்.

வீடு வந்து சேர்ந்த வாரத்திலேயே பாஸ்போர்ட்டைச் சங்கத்துக்கு அனுப்பி உரிமையாளர் பெயரை மாற்ற வேண்டும். வம்சப் பதிவேட்டில் குட்டியின் வழி அறுபடாமல் இருக்கவும் வளர்ப்பவர் தம் குட்டியைப் பின்தொடரவும் அதுவே வழி. மூன்று வயதில் வாங்கியதானால் இலையுதிர்காலத்தில் சில வாரப் பழக்கத்தோடு சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துணைக்குதிரையோடு குளிர்காலம் முழுக்க வெளியே விடலாம். அடர்ந்த ரோமம் கொண்ட இந்த இனத்துக்கு மழைகாற்றுக்கு ஒதுங்க ஒரு மதிலும் வைக்கோலும் இருந்தால் போதும். நான்காம் வயது இளவேனிலில் பல்லையும் குளம்பையும் சேணத்தின் பொருத்தத்தையும் மீண்டும் பார்த்துவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள், அரைமணி நேரம், பெரும்பாலும் நடையில், பெரும்பாலும் வெளிப்பாதையில் வேலை தொடங்கும்.